ஆறாம் பக்கத்துக் கனி

தருவைப்பட்டியில் பேப்பர் ஏஜென்ட் பொன்னுலிங்கத்தின் மனைவி சுயம்புக்கனி எழுதிவந்த டைரி, பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் ‘தென்கரைச் செய்தி’யின் ஆறாம் பக்கத்தில் அச்சாகி வந்தது. அதற்கு முந்தின நாள்வரை அந்தப் பக்கத்தில் உப்பு விலையும் கருவாட்டு விலையும் ராசிபலனும்தான் வந்துகொண்டிருந்தன. அன்றைக்கு அவை போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில், எட்டு பத்தி அகலத்துக்கு, திங்கட்கிழமை பூராவும் சுயம்புக்கனி என்ன பார்த்தாள், என்ன கேட்டாள், எந்தச் சுவரில் எந்தப் பல்லி வாலை விட்டுவிட்டுப் போனது என்பதெல்லாம் நிருபர்கள் எழுதுகிற அதே எழுத்தில், அதே மையில், அதே கோணல் அச்சில் வந்திருந்தது.

உப்புக் கம்பெனியில் ராத்திரி வேலை முடித்துவிட்டு வருகிற எங்களுக்குத்தான் எப்போதும் ஊரின் முதல் பேப்பர். தேவசகாயத்தின் டீக்கடையில் அதைத் தாள் தாளாகப் பிரித்து, ஆளுக்கொரு தாளாக எடுத்துக்கொள்வோம். ஆறாம் பக்கம் யாருக்கும் வேண்டாத பக்கமாக இருந்ததால் அது எப்போதும் தேவசகாயத்தின் கைக்கே போகும். அவர் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, கருவாட்டு விலை படிக்கிற குரலிலேயே சத்தமாகப் படித்தார்: “தண்ணி லாரி சூசை அண்ணன் இன்னைக்கு ஹாரனை ஒரு தடவைதான் அடிச்சார். எப்பவும் ரெண்டு அடிப்பார். முகமும் சரியில்ல. கேக்கலாம்னு நினைச்சேன், அதுக்குள்ள குடத்துச் சண்டை வந்துட்டு.”

எங்களில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. லாரிக்காரர் சூசை அங்கேயேதான் வடை தின்றுகொண்டிருந்தார். பாதி வடையைத் தட்டில் வைத்துவிட்டு, “ஆமா, மகளை மாப்பிள்ளை வீட்டுல திருப்பி அனுப்பிட்டாவ” என்றார். அதை அவர் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் நாலைந்து பேர் ஒன்றுசேர்ந்து அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். மறுநாள் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. அதுவும் ஆறாம் பக்கத்தில் வந்தது.

சுயம்புக்கனி முதல்நாள் கொஞ்சம் அழுதாள் என்றார்கள். அவள் டைரி எழுத ஆரம்பித்ததற்கும் அவள் கல்யாணத்துக்கும் ஒரே வயசு. உரக்கடைக்காரர் வருஷப் பிறப்புக்கு இனாமாகக் கொடுக்கிற, அட்டையில் நெற்கதிர் போட்ட டைரி. சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கையைத் துடைத்துவிட்டு அரைமணி நேரம் எழுதுவாள். யாருக்கும் காட்டியதில்லை, ஒளித்ததுமில்லை. அரிசிப் பானையின் மூடிமேல் கிடக்கும். ஊர்ப்பெண்கள் போய், “ஏ மைனி, நீ எழுதறது பூராவும் சந்தி சிரிக்குதே, நிறுத்திரேன்” என்றதற்கு, “எழுதாட்டா எனக்குத் தூக்கம் வராது. எழுதறது என் பாடு, படிக்கிறது உங்க பாடு” என்று சொல்லிவிட்டு, அவர்களுக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். யாருக்குச் சீனி கூடுதல் கேட்டது என்பதும் மறுநாள் வந்துவிட்டது.

பட்டணத்துப் பேப்பர் ஆபீசிலிருந்து உதவி ஆசிரியர் ஒருவர் விசாரிக்க வந்தார். அவர் கையோடு கொண்டுவந்த பேப்பரில் ஆறாம் பக்கம் உப்பு விலையாகவே இருந்தது. பஸ் ஊர்ப் பாலத்தைத் தாண்டியதும் அவர் மடியிலேயே அது சுயம்புக்கனியாக மாறிவிட்டது. ‘இது எப்படி?’ என்று அவர் கேட்டார். ‘பாலத்துக்கு இந்தப் பக்கம் காத்து அப்படி’ என்று தேவசகாயம் சொன்னதை எழுதிக்கொண்டு, ஒரு கலர் சோடா வாங்கிக் குடித்துவிட்டு, கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு, வேண்டுமென்றே தங்கினார். மறுநாள் “வெளியூர்க்காரர் ஒருத்தர் வந்திருந்தார். வெயில்ல நெத்தித் தோல் உரிஞ்சிருந்துச்சு. பாவம், தொப்பி வச்சுக்கலாம்” என்று வந்த வரியைக் கத்தரித்து, பர்சில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அப்புறம் ஆபீசிலிருந்து கேள்வியே இல்லை.

பெயர் வைப்பதில்தான் ஊர் கொஞ்சநாள் இரண்டுபட்டது. நூலகர் அருளப்பன் சட்டம் தெரிந்தவர். தினமும் வருவதால் நாளிதழ் என்று முத்திரை குத்துவதா, ஒருத்தி தனக்காக எழுதியதால் நாட்குறிப்பு என்று உள்ளே அலமாரியில் பூட்டுவதா என்று தெரியாமல் ஆறாம் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குள் அங்குமிங்கும் நடந்தார். “டைரின்னா மூடி வைக்கிறது, பேப்பர்னா விரிச்சுப் போடுறது. இது விரிச்சுக் கிடக்கு, அப்ப பேப்பர்தான்” என்றார் சூசை. “விரிச்சுக் கிடந்தாலும் அது அவ ஒருத்தி மனசுல்லா? சஞ்சிகைன்னு வைங்க” என்றார் கொழும்பில் கடை வைத்திருந்துவிட்டு வந்த ஒருவர். பள்ளிக்கூடத்து வாத்தியார் நாளேடு என்றார். தினப்படி என்று ஒருவர், ஊர்ப் பத்திரிகை என்று ஒருவர். “பத்திரிகைன்னா கல்யாணத்துக்கு அடிக்கிறதுவே” என்று அவரை உட்காரவைத்தார்கள். அவரவர் சொல்லுக்கு அவரவர் ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, எல்லாம் வாயில் நீளமாக இருந்ததால், கடைசியில் யாரும் முடிவெடுக்காமலே அதற்கு ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. கனி. “கனி வந்தாச்சா?” “இன்னைக்குக் கனி படிச்சீரா?” “கனியில உம்ம மாட்டைப் பத்தி வந்திருக்குவே!”

அந்தப் பெயர்தான் பொன்னுலிங்கத்தின் நெஞ்சில் முள்ளாக ஏறியது. ஏனென்றால் கனி என்பது, கல்யாணமான புதிதில், விளக்கணைத்த பிறகு மட்டும் அவர் அவளைக் கூப்பிட்ட பெயர். பிறகு அது இந்தா ஆகி, ஏளா ஆகி, கடைசியில் ஒரு தொண்டைச் செருமல் ஆகிவிட்டிருந்தது. தான் கைவிட்ட பெயரை ஊர் முழுக்க வாயில் போட்டு மென்றுகொண்டு, விடியுமுன்னே வாசலில் நின்று கனி கனி என்று கையை நீட்டுவதைப் பார்த்ததும் அவர் சைக்கிள் மணியைத் தேவைக்கு மேல் அடித்தார். அவர்தான் அதைச் சைக்கிளில் வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்ப் போட வேண்டியிருந்தது. தன் பெண்டாட்டியின் மனசைச் சுருட்டிச் சுருட்டி, தன் கையாலேயே ஊரான் வீட்டு வாசலில் எறிய வேண்டியிருந்தது.

அதையும் அவர் பொறுத்திருப்பார். பொறுக்க முடியாதது வேறு. கனியில் ஊரே இருந்தது. தண்ணி லாரி இருந்தது, மூன்று காலில் நடக்கிற நாய் இருந்தது, உப்பளத்துப் பெண்களின் வெடித்த குதிகால் இருந்தது. “விடியக்காலம் வேலை முடிஞ்சு போறவங்க செருப்புச் சத்தம் கேட்டுச்சு, தூக்கத்துலயே நடக்காங்கபோல” என்று எங்களுக்கும் ஒரு வரி வந்தது. அன்றிலிருந்து நாங்கள் அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். எல்லாரும் இருந்த அந்தப் பக்கத்தில் பொன்னுலிங்கம் இல்லை. ஒரு வரி இல்லை, அரை வரி இல்லை, வீட்டுக்காரர் என்ற ஒரு சொல்கூட இல்லை.

முதலில் கண்டுபிடித்தது தேவசகாயம்தான். “ஓய் பொன்னுலிங்கம், உம்ம வீட்டுல நீர் குடியிருக்கீரா, இல்ல வேற எங்கயும் இருக்கீரா? பல்லிக்கே நாலு வரி வருது!”

கடை சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் மறுநாள் அவர் கொடுத்த பேப்பரில் பென்சில் எழுத்து தாளைக் கிழித்துவிட்டிருந்தது. அவருடைய வழக்கம் அது: விடியலில் பஸ் வந்து கட்டு இறங்கியதும், பஸ் நிலையத்து விளக்கின் கீழே குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு பேப்பரின் மேல் மூலையிலும் அது எந்த வீட்டுக்கோ அந்த வீட்டாரின் பெயரைப் பென்சிலால் எழுதுவார். சூசை. அருளப்பன். மரக்கடை. டீச்சர் வீடு. கடைசி எழுத்தின் முனையை ஒரு சின்னக் கொக்கியாக இழுத்துவிடுவார். ஊரில் அந்தக் கொக்கியைத் தெரியாத கண் கிடையாது.

அதன் பிறகு பொன்னுலிங்கம் தன் வீட்டுக்குள் ஒரு வேட்பாளரைப்போல நடமாட ஆரம்பித்தார். பட்டணம் போய் அல்வா வாங்கி வந்தார். மறுநாள் கனியில் அல்வா வந்தது, அதில் உட்கார்ந்த ஈ வந்தது, வாங்கி வந்தவர் வரவில்லை. இருபது வருஷ மீசையை மழித்துக்கொண்டு வந்து நின்றார், “கண்ணாடிக்குக் கீழே ஒரே முடி. பெருக்கி அள்ளுனேன்” என்று வந்தது. சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தார்; சைக்கிளின் மட்கார்டு நெளிந்ததைப் பற்றி மனம் உருகுகிற மாதிரி ஒரு பத்தி வந்தது. கோபித்துக்கொண்டு இரண்டு நாள் அக்கா வீட்டில் போய் இருந்தார். “சோறு மிஞ்சிப்போச்சு. மூணுகால் நாய்க்கு யோகம்.”

ஊரும் அந்நேரம் நல்ல நிலையில் இல்லை. கனியில் வருவதற்காகப் பெண்கள் விசேஷப் புடவை கட்டிக்கொண்டு அவள் ஜன்னலைத் தாண்டிக் குடம் எடுத்துப் போனார்கள். கவுன்சிலர் அவள் வாசலுக்கு நேரே தெருவிளக்கு போட்டுவிட்டு, மாலையோடு அதன் கீழே நின்றார். மறுநாள் மாலையைப் பற்றி மட்டும் வந்தது. ஒருத்திக்கு ஐந்து வரி வந்தால் அவள் நாத்தனாருக்கு அன்றைக்குத் தலைவலி. மரக்கடைக்காரரும் அவர் தம்பியும் ஒரே வரியில் சேர்த்து எழுதப்பட்டதால், அது யாருக்குரிய வரி என்று பேச்சு முற்றி, நடுவில் தட்டி வைத்துக் கடையைப் பிரித்தார்கள். ஆனாலும் சொந்தப் பொறாமையை ஆற்றிக்கொள்ள எல்லாருக்கும் ஒரு மருந்து இருந்தது. எனக்கு ஒரு வரிதான், போகட்டும், பொன்னுலிங்கத்துக்கு அதுவும் இல்லையே.

ஒருநாள் மத்தியானம், சுயம்புக்கனி தண்ணி லாரிக்குக் குடம் எடுத்துப் போயிருந்த நேரத்தில், பொன்னுலிங்கம் அரிசிப் பானை மூடிமேல் கிடந்த டைரியை எடுத்தார். அவள் முந்தின இரவு எழுதியதற்குப் பிந்தின பக்கத்தைப் பிரித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். இங்கேதான் அவர், அவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார். தன் கையெழுத்தைத் தவிர வேறு கையெழுத்து வராத அந்தக் கையால், மேலே கொஞ்சம் இடம் விட்டு, “என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷர். அவர் போகாவிட்டால் இந்த ஊருக்கு விடியாது” என்று எழுதி, மூடி, இருந்தபடியே வைத்துவிட்டு, வெளியே போய் நல்ல பிள்ளையாகச் சைக்கிள் துடைத்தார்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்து, பார்க்கத் தைரியம் இல்லாமல் மூலையில் மட்டும் பெயர் எழுதி, டீக்கடைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார். தேவசகாயம் விரித்துப் பிடித்தார். வாயைத் திறந்தார். மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

ஆறாம் பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. நடுவில் அந்த இரண்டு வரிகள் மட்டும், அச்சில் அல்ல, சரிந்த பென்சிலில், தொட்டால் விரலில் கரி ஒட்டுகிற மாதிரி. கடைசி எழுத்தின் முனை சின்னக் கொக்கியாக இழுத்திருந்தது. எங்கள் கையிலிருந்த முதல் தாளின் மேல் மூலையிலும் அதே பென்சில், அதே கொக்கி: ‘தேவசகாயம்’.

யாரும் சிரிக்காததுதான் கொடுமையாக இருந்தது. சூசை மட்டும், கெட்ட எண்ணமில்லாமல், “உமக்கு நீரே ஓட்டுப் போட்டுக்கிட்டீராவே?” என்றார்.

பொன்னுலிங்கம் மிச்சப் பேப்பர்களைத் திருப்பிக் கட்டிக்கொண்டு போய்விடலாமா என்று பார்த்தார். முடியாது, விடிந்துவிட்டது, வாசல்தோறும் ஆள் நின்றது. ஒவ்வொரு வாசலிலும் தன் பொய்யைத் தானே எறிந்துகொண்டு போனார்.

முந்தின இரவே சுயம்புக்கனி டைரியைத் திறந்தபோது அந்தப் பென்சில் வரிகளைப் பார்த்துவிட்டிருந்தாள். டைரியை மூடி, ஆடுகிற கட்டில் காலுக்கு அடியில் வைத்துவிட்டாள். கட்டில் ஆட்டம் நின்றது. வெள்ளைப் பக்கம் வந்ததற்கு மறுநாள் ஆறாம் பக்கத்தில் நெத்திலிக் கருவாடு என்ன விலை என்று வந்தது.

ஊர் ஒரு வாரத்தில் வாடிப்போயிற்று. யார் முகம் சரியில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. லாரி ஹாரன் எத்தனை தடவை அடித்தது என்று எண்ண ஆளில்லை. விசேஷப் புடவைகள் பெட்டிக்குள் போயின. மூணுகால் நாய் தெருவுக்குத் தெரு போய், தன்னை ஒருவரும் பார்க்காததுபோல் படுத்துக்கொண்டது. ‘கனி வந்தாச்சா’ என்று கேட்டுப் பழகிய வாய்கள் பொன்னுலிங்கத்தைப் பார்த்ததும் பேப்பரை வாங்கிக்கொண்டு பேசாமல் உள்ளே போயின.

எட்டாம் நாளோ பத்தாம் நாளோ, அவள் அடுக்களையில் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தபோது, அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏளா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க. மீன் காஞ்சிரும்.”

“தண்ணி லாரிக்காரனை எழுதுத. நாயை எழுதுத. எவனோ வெளியூர்க்காரன் நெத்தியை எழுதுத. உன்கூட ஒரே கூரையில கிடக்கவனை ஒரு வரி எழுத முடியலையா உனக்கு?”

அவள் கையைக் கழுவினாள். பிறகு, அஞ்சறைப் பெட்டியும் டப்பாக்களும் அடுக்கியிருந்த அலமாரித் தட்டிலிருந்து ஒரு டப்பாவை நகர்த்தி, கீழே விரித்திருந்த பழைய பேப்பரின் மூலையைக் காட்டினாள். “இது என்னன்னு வாசிங்க.”

அவர் குனிந்து பார்த்தார். “சூசை.”

“கீழ்த்தட்டு?”

“டீச்சர் வீடு.”

“அதுக்கும் கீழே?”

அவர் நிமிர்ந்துகொண்டார்.

“நீங்க பேப்பர் ஏஜென்ட். ஊர்ல எல்லா வீட்டுக்கும் பேப்பர் போடுதிய. நம்ம வீட்டுக்கு என்னைக்காவது ஒண்ணு போட்டியளா? மிச்சம் விழுந்தா கம்பெனிக்குத் திருப்பி அனுப்புதிய. தட்டுல விரிக்க நான் சூசை அண்ணன் வீட்டுலயும் டீச்சர் வீட்டுலயும்தான் பழசு கேட்டு வாங்குதேன். ஒவ்வொண்ணு மூலையிலயும் உங்க கையால ஒருத்தர் பேரு. கொக்கி போட்டு, அழகா. ஊர்ல ஒருத்தர் விடாம எல்லார் பேரும் எழுதியிருக்கிய. அதுகளைப் பாத்துப் பாத்துத்தான் நான் இத்தனை வருஷமா டப்பா அடுக்குதேன்.”

“வீட்டுக்குள்ள இருக்கவளுக்கு எதுக்கு பேப்பர்? சேதி இருந்தா நான் வாயால சொல்ல மாட்டேனா?”

“சொன்னியளா?”

வெளியே தண்ணி லாரி ஹாரன் அடித்தது. அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

“பேப்பர் வராத வீடு. அதான் எனக்கு நானே ஒண்ணு எழுதிக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு, அவர் விலகி வழிவிடக் காத்திருந்து, அப்புறம் போனாள். மீனை அன்றைக்குப் பூனை கொண்டுபோயிற்று.

மறுநாள் விடியலில் பஸ் நிலையத்து விளக்கின் கீழே அவர் பெயர் எழுதிக்கொண்டிருந்ததை நாங்கள் டீ கிளாஸோடு பார்த்துக்கொண்டு நின்றோம். எல்லாம் எழுதி முடித்தபின் ஒரு பேப்பரைத் தனியே எடுத்து மடியில் வைத்தார். பென்சிலைச் சீவினார். சீவினது போதாமல் மறுபடியும் சீவினார். மூலையில் இரண்டே எழுத்து எழுதுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் எங்களுக்குத் தேநீர் ஆறிவிட்டது. “புது வீடாவே? யாரு?” என்றோம். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். டீக்கடைக்கு முதல் பேப்பர் கொடுக்கிற வழக்கத்தை அன்றைக்கு அவர் மீறினார். நேராகத் தன் தெருவுக்குச் சைக்கிளைவிட்டு, மற்ற வீடுகளுக்கு எறிகிறமாதிரியே சுருட்டி எறிந்தார். அது கதவில் பட்டு விழுந்தது. எந்த வீட்டிலும் நின்று பார்க்காத அவர், இங்கேயும் நிற்காமல் மிதித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பேப்பரில் ஆறாம் பக்கம் உப்பு விலைதான்.

அன்று ராத்திரி கட்டில் மறுபடி ஆட ஆரம்பித்தது.

அதற்கடுத்த காலையில் தேவசகாயம் தாளை விரித்தவர், “ஏ, வந்துட்டு!” என்று கத்தினார். ரோட்டில் போனவர்களும் நின்றார்கள். பொன்னுலிங்கம் ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சைக்கிளிலேயே இருந்தார். தேவசகாயம் கருவாட்டு விலைக் குரலை விட்டுவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தார்:

“நேத்து எங்க வீட்டுல பேப்பர் விழுந்துச்சு. சத்தத்துல பூனை எந்திரிச்சு ஓடிட்டு. பக்கத்து வீட்டுக்குப் போட்டது தவறி வந்துட்டோன்னு திருப்பிக் கொடுக்க எடுத்துக்கிட்டு வெளிய வந்தேன். மூலையில கனின்னு போட்டிருந்துச்சு. இந்தப் பேரைச் சொல்லுதவங்க இப்ப ஊர்ல நிறைய இருக்காங்க, போட்டது யாருன்னு தெரியல. நான் பாக்கறதுக்குள்ள ஆளு தெருமுனை திரும்பிட்டார். முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. காலர் நைஞ்சுபோச்சு, கழத்திக் குடுத்தா திருப்பித் தைக்கலாம். நல்ல முதுகு.”

சூசை வடையைக் கையில் வைத்துக்கொண்டு, “யாருவே அந்த முதுகு?” என்றார்.

பொன்னுலிங்கத்தின் முகம் கறுத்தது. ஒருத்தன் விடியக்காலையில் தன் வீட்டு வாசல்வரை வந்து, தன் பெண்டாட்டி பார்க்கிறமாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

“ஆமா,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, “எவன் அவன்?”

சொல்லிவிட்டு எங்கள் எல்லாரையும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவரின் இடதுகை, அவரைக் கேட்காமலே மெல்ல மேலே போய், பிடரிக்குக் கீழே சட்டைக் காலரைத் தடவிப் பார்த்தது.